பட்டு நூலில் ஓடிய வண்டி

ஒற்றைப் பட்டு இழையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை டன் வண்டியைப் பெரணமல்லூரிலிருந்து ஆரணிவரை கொண்டுவந்து சேர்த்தவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. எங்கள் தெருவில் நாற்பது வீடு. முப்பத்தொன்பது வீடு நம்பிவிட்டது. நம்பாத வீடு என் வீடு. அந்த வீட்டிலும் நான் நம்புகிறேன். ஆக, நம்பாத ஆள் ஒருவர்தான். என் மனைவி தெய்வநாயகி.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். 2004ஆம் வருட டீசல் பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தொட்டி. நான் முப்பத்து நான்கு வருடம் பஸ் கண்டக்டர். அத்தனை வருடமும் யாரோ ஒருவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டினார். நான் பின்னால் நின்று விசில் ஊதினேன். ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம் இந்த வண்டியைத் தொண்ணூறாயிரத்துக்கு வாங்கினேன். முன்னால் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது தெய்வநாயகி சுற்றிப் பார்த்தாள்.

"மாடு வாங்குனாக்கூட பல்லப் புடிச்சிப் பாப்பாங்க. நீங்க ஹாரன மட்டும் அடிச்சிப் பாத்துட்டு ஓட்டிகினு வந்துட்டீங்க."

ஹாரன் இன்றுவரை பழுதானதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மற்றவை ஒவ்வொன்றாகப் பழுதாயின. முதல் வருடம் செல்ஃப் மோட்டார். சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அத்தோடு வண்டி தன் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடும். தினமும் காலையில் தெருவில் உள்ளவர்கள் தள்ளித்தான் கிளப்பினார்கள். ஆரணியில் ஆண்களுக்குத் தொப்பை இல்லாத தெரு எங்கள் தெரு ஒன்றுதான். சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் இரண்டு முறை என்னிடம் வந்து, தன் பிழைப்பு கெடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மோட்டாருக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ஆயிற்று. மோட்டார் சரியான பிறகு, குற்றம் பேட்டரியுடையது என்று தெரிந்தது. அதற்கு ஐயாயிரத்து ஐந்நூறு.

அடுத்தது ரேடியேட்டர். அது ஒழுக்கிய தண்ணீரில் தெருமுனை வேப்பங்கன்று ஒரே கோடையில் மரமாகி, அதன் நிழலில் இப்போது ஒரு இஸ்திரி வண்டி நிற்கிறது. நாலாயிரத்து இருநூறு. கிளட்ச் பிளேட் தேய்ந்து, கியர் போட்டால் என்ஜின் மட்டும் வேலூர் போகிற மாதிரி இரையும், வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கும். கூலியோடு ஒன்பதாயிரம். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை உடைந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே போனது. எதிரில் வந்தவர்களும் மரியாதைக்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டே போனார்கள். மூன்றாயிரத்து அறுநூறு. ஸ்டியரிங்கில் ஆட்டம். இன்றைக்குத் திருப்பினால் வண்டி நாளைக்குத் திரும்பும். டீசல் பீய்ச்சும் நாசில் போய்க் கரும்புகை கக்கிய ஆறு மாதம் எங்கள் தெருவில் கொசு இல்லை.

சேவூர் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் அருள்மணிதான் எல்லாவற்றுக்கும் மெக்கானிக். நல்ல பையன், நாற்பத்தைந்து வயது. போன மாதம் என்ஜினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டான்.

"சார், இது வண்டியே இல்ல. வாடகைக்கு விட்ட வீடு. ஒவ்வொரு பார்ட்டும் ஒவ்வொரு ஊர்லருந்து வந்து குடியிருக்குது. என்ஜின எறக்கி வேல பாத்தா நாப்பத்தஞ்சாயிரம் ஆவும்."

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. அருள்மணியின் மனைவி காய்கறிக் கடையில் தெய்வநாயகியிடம் சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே காயலான் கடைத் தசரதன் வாசலில் வந்து நின்றான். பழைய இரும்பு எடைக்கு எடுக்கிறவன். சந்தையில் ஆட்டைத் தட்டிப் பார்க்கிற மாதிரி வண்டியின் விலாவைத் தட்டிப் பார்த்தான்.

"இருவத்தெட்டாயிரம் தரேம்மா. டயருக்காகத்தான் இவ்ளோ."

"நாலு வருஷத்துல ரிப்பேருக்கு மட்டும் ஒரு லட்சத்து அறுவதாயிரம் போட்டிருக்காரு," என்றாள் தெய்வநாயகி. "இருவத்தெட்டுன்னா இருவத்தெட்டு. இந்தப் பேஜார் இன்னியோட தீரட்டும்."

வண்டி போய்விட்டால் நான் மறுபடியும் பின்சீட்டு ஆள். அந்த நேரத்தில்தான் அவள் தம்பி கமலக்கண்ணன் வந்தான். கைத்தறி நெசவுக்காரன், மாவட்ட அளவில் பரிசு வாங்கியவன். பெரணமல்லூரில் ஒருவர் தறியைப் பிரித்து விற்கிறார், விலை பேசிவிட்டேன், ஏற்றிவர ஒரு வண்டி வேண்டும் என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வண்டில போலாம் மச்சான்."

தசரதன் சிரித்தான். தெய்வநாயகி சிரிக்கவில்லை. யோசித்தாள்.

"சரி. பெரணமல்லூர் போயி தறிய ஏத்திகினு வாங்க. வழியில மெக்கானிக் கை படக்கூடாது. கயிறு கட்டி இழுத்துகினு வரக்கூடாது. தானா வந்து வாசல்ல நின்னா வண்டி இருக்கட்டும். இல்லன்னா, வியாழக்கெழம சாயங்காலம் தசரதன் ஏத்திகினு போவட்டும்."

"நாலு மணிக்கு வந்துடறேம்மா," என்றான் தசரதன். நம்பிக்கையான ஆள்.

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். போகும்போது வண்டி பறந்தது. ஒரு கட்டத்தில் முள் நூற்றிருபதைத் தொட்டது. ஸ்பீடோமீட்டர் இரண்டு வருடமாக வேலை செய்யவில்லை என்று கமலக்கண்ணன் சொன்னான். அதனால்தான் நூற்றிருபதில் நின்றது, இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும்.

பெரணமல்லூரில் தறியை ஏற்றினோம். மரச் சட்டங்கள், நெய்த சேலையைச் சுற்றும் உருளை, நீளவாக்கில் ஓடும் பட்டுப் பாவு நூல்கள் நுழைந்து வரும் அச்சு. கடைசிச் சேலையை அறுத்தெடுத்த பிறகு மிஞ்சிய பாவு முனை அச்சிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பாவை அதோடு முறுக்கி இணைப்பதற்காக அப்படியே விட்டுவைப்பார்கள். பிறகு ஒரு மரப்பிடி. நெய்கிறவர் வலது கையில் அதைப் பிடித்துச் சுண்டிச் சுண்டி இழுத்தால்தான் குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா தறியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாயும். பிடியின் கயிறு இற்றுப்போய் அறுந்திருந்தது. கமலக்கண்ணன் பிடியை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

திரும்பும் வழியில் நாலு கிலோமீட்டர் வந்திருப்போம். ஆக்சிலேட்டர் மிதி 'சொத்' என்று தரையில் போய் ஒட்டிக்கொண்டது. என்ஜின் ஓடுகிறது, ஆனால் வேகம் எடுக்கவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தோம். புது ரேடியேட்டர் இருந்தது. புது பேட்டரி இருந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரமும் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. அறுந்தது ரேஸ் கேபிள். மிதியிலிருந்து டீசல் பம்புக்குப் போகிற ஒரு கம்பி. விலை முந்நூற்று ஐம்பது ரூபாய்.

கமலக்கண்ணன் ஆரணியில் ஸ்பேர் கடைக்குப் போன் போட்டான். பழைய மாடல், வேலூரிலிருந்து நாளைக்குத்தான் வரும் என்றார்கள்.

"மாமா, ஒரு டிராக்டர் புடிச்சி இழுத்துகினு போயிடலாம்."

"இழுத்தா தசரதன் வீட்டுக்குத்தான் நேரா இழுக்கணும்."

முதல் கியரில் அப்படியே ஊர்ந்து பார்த்தேன். சமதரையில் ஊர்ந்தது. தறியின் பாரத்தோடு ஒரு சின்ன மேடு வந்ததும் நின்றுபோனது. அந்த வேகத்தில் போயிருந்தால் வீடு சேர்வதற்குள் எனக்குப் பென்ஷனே தீர்ந்திருக்கும். அருள்மணிக்குப் போன் செய்தேன்.

"பம்புல ஒரு லீவர் இருக்கும் சார். அத எதுனா வெச்சி இழுத்தா ரேஸ் ஏறும். விட்டா எறங்கிடும். நான் வரட்டுமா?"

"வராத. இந்தப் பக்கமே வராத."

மெக்கானிக்கின் வாய்தான் பட்டது, கை படவில்லை. நிபந்தனையில் கை என்றுதான் இருந்தது.

லீவரின் முனையில் ஒரு ஓட்டை, மிளகு நுழையலாம், பட்டாணி நுழையாது. தறி கட்டிய கயிறு அதில் போகாது. நைந்த பைக்கயிறு ஒன்று கிடைத்தது. இரண்டே இழுப்பில் அறுந்தது. நான் தலையில் கை வைத்தேன். கமலக்கண்ணன் பின்னால் ஏறி, அச்சில் தொங்கிய பாவு முனையை அறுத்துக்கொண்டு வந்தான். கிலோமீட்டர் கல்லின்மேல் உட்கார்ந்து, பெருவிரலில் முடிந்து, பல்லில் கடித்து, துண்டு துண்டாக இணைத்து முறுக்க ஆரம்பித்தான். கால் மணி நேரத்தில் ஆறு முழத்துக்கு ஒரு பட்டுக் கயிறு. சுண்டுவிரலில் பாதிகூடத் தடிமன் இல்லை. ஆயிரம் இழையாவது இருக்கும் என்று அவன் சொல்வான். ஒன்றுக்கும் ஆயிரத்துக்கும் எனக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரிவதில்லை.

ஒரு முனையை லீவரில் முடிந்தான். பானெட்டை ஒரு சாண் திறந்தபடி கட்டினோம். மறு முனை பானெட்டுக்கு வெளியே வந்து, இடது ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. வழுக்கிவிடக்கூடாது என்று அதன் நுனியில் பையிலிருந்த மரப்பிடியைக் கட்டினான். அங்கேதான் தப்பு நடந்தது. தறி ஓடும் எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ஏற்பாடு இதுதான்: ஸ்டியரிங், பிரேக், கியர், கிளட்ச் என் பொறுப்பு. கயிறு அவன் பொறுப்பு. பழைய விசில் எப்போதும் என் பையில் இருக்கும். இரண்டு விசில் அடித்தால் இழுக்க வேண்டும், ஒரு விசில் அடித்தால் விட வேண்டும். முப்பது வருடமாக அந்த மாதிரிப் பிடியைச் சுண்டிய கை அது. பிடி உள்ளங்கையில் பட்டதும், அது தறியில் உட்கார்ந்திருப்பதாகவே முடிவு செய்துவிட்டது. நான் இரண்டு விசில் அடித்தேன். அவன் சுண்டினான், விட்டான். சுண்டினான், விட்டான். வண்டி குதித்தது, படுத்தது. குதித்தது, படுத்தது.

"மச்சான், இழுத்துப் புடி. சுண்டாத."

"நான் எங்க மாமா சுண்டறேன். கை தானா சுண்டுது."

"இடது கைல புடிச்சிக்க."

இடது கையில் பிடித்தான். அது வலது கையைவிட மோசம். இடது கைக்கு அந்த வேலை பழக்கமில்லாததால், ஆர்வமாகச் சுண்டியது. ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு சேலை அகலம் முன்னே போனோம். பின்னால் தறிச் சட்டங்கள் மேளம் கொட்டின. ஒரு கோழி எங்களை முந்திக்கொண்டு போய், நின்று திரும்பிப் பார்த்து, மறுபடி முந்தியது. முன்னால் போன டவுன் பஸ் என் ஒற்றை விசிலைக் கேட்டு நின்றது. இரட்டை விசிலைக் கேட்டுக் கிளம்பியது. இப்படியே மூன்று ஊர் தாண்டிய பிறகுதான் அந்தக் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். பழைய ஆள். ஒரு சல்யூட் வைத்தார்.

ரோட்டோரம் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஐயாயிரம் பேர் இருக்கும்.

ஊர் எல்லையில் கமலக்கண்ணன் பிடியை ஜன்னலுக்கு வெளியே விட்டான். முகம் கறுத்திருந்தது.

"மாமா, ஒண்ணு கேப்பேன். நான் இழுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"ஏன் மச்சான்?"

"பரிசு வாங்குன கை மாமா இது. ஒரு கயித்த சீரா புடிக்கத் தெரியலன்னு தெருவே சிரிக்கும். அந்த நாப்பது வீட்டு வாய நான் அடைக்க முடியுமா?"

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவன் இறங்கிப் பின்னால் தறியோடு ஏறிக்கொண்டான். ஊருக்குள் ரோடு சமதரை. முதல் கியரில் ஊர்ந்தே தெருவுக்குள் நுழைந்தோம். மணி நாலே கால். தசரதன் எடைக் கொக்கியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். தெய்வநாயகி படியில் நின்றாள். அவள் பார்வை என் முகத்துக்கு வரவில்லை. வண்டியின் முன்பக்கத்துக்குப் போனது. திறந்த பானெட்டிலிருந்து ஆறு முழக் கயிறு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"கயிறு," என்றாள்.

"அது இழுத்த கயிறு இல்ல."

"முன்னாடி கயிறு தொங்குது. இழுக்கலன்னா, பின்ன தாலியா கட்டிகினு வருது வண்டி?"

நான் நடந்ததைச் சொன்னேன். வாக்குக் கொடுத்ததால் கமலக்கண்ணனை விட்டுவிட்டுச் சொன்னேன். அதாவது, நானே ஒரு கையில் ஸ்டியரிங்கையும் மறு கையில் பட்டு இழையையும் பிடித்து ஓட்டி வந்ததாக. கியரை யார் போட்டார்கள் என்று தசரதன் கேட்டான். முழங்காலால் போட்டேன் என்றேன். கூடியிருந்த தெரு ஆமோதித்துத் தலையாட்டியது. தெய்வநாயகி தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு. இன்னா நடந்துச்சி?"

கமலக்கண்ணன் தன் செருப்பைப் பார்த்தான்.

"நான் பின்னாடி தறிகூட படுத்துத் தூங்கிட்டேன்க்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

தசரதன் கொக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். நாலு வருடமாக நான் சொன்ன கதைகள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து தசரதன் பக்கம் நின்றுகொண்டன. டாக்டர் வந்து முறையிட்டது, வேப்பமரம், கொசு. உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்லும்போது என் பக்கம் ஆள் இல்லை.

"தெய்வநாயகி, ஒரே ஒரு தடவ நீ வந்து ஒக்காந்து இழுத்துப் பாரு. வண்டி போவலன்னா நானே தசரதனோட சேந்து தள்ளி விடறேன்."

இந்த வண்டியில் ஏறுவதில்லை என்று வாங்கிய அன்றே சொன்னவள். நாலு வருடமாக ஏறியதில்லை. கடைக்குப் போனாலும் வண்டியைத் தாண்டி நடந்தே போவாள். அவள் படியிறங்கி வந்து, தொங்கிய கயிற்றை இரண்டு விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தாள். ஒரு முடிச்சைத் தடவினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகக் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன்.

கிளட்சை விட்டேன். விசிலை வாயில் வைத்தேன்.

"அத மொதல்ல கீழ வைங்க," என்றாள்.

இழுத்தாள். வண்டி கிளம்பியது. குதிக்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்பு பத்து வருடம் ராட்டையில் பட்டு நூல் சுற்றியவள். வலது கை சுற்றும்போது இடது கை விரல்களுக்கு நடுவே நூலை இழுத்தும் இழுக்காமலும் பிடிக்க வேண்டும். கொஞ்சம் இறுக்கினால் அறுந்துவிடும், விட்டால் சிக்கிவிடும். அந்தப் பிடியில் பிடித்தாள். இரண்டாவது கியர் போட்டேன். எண்ணெய் விட்ட மாதிரி விழுந்தது. தெருமுனை வேப்பமரத்தைச் சுற்றினோம். இஸ்திரிக்காரர் பெட்டியைத் துணியின்மேல் வைத்தபடியே பார்த்ததில் யாருடைய சட்டையோ தீய்ந்தது. திரும்பி வரும்போது மூன்றாவது கியர். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வண்டி அவ்வளவு சீராக ஓடி நான் பார்த்ததே இல்லை.

வாசலில் நிறுத்தியதும் கமலக்கண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடிவந்தான். பிடியையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எப்டிக்கா? உனக்கு மட்டும் எப்டி குதிக்கல?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தெருவுக்கும் உறைத்தது. முப்பத்தொன்பது வீடும் அவன் வலது கையைப் பார்த்தது. அவன் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"நீ தூங்கிகினு வந்தன்னு சொன்னியே," என்றாள் தெய்வநாயகி.

"கொஞ்சம் தூங்குனேன்க்கா."

"பெரணமல்லூர்லருந்தா குதிச்சிகினு வந்தீங்க?"

"நாலு கிலோமீட்டர் தாண்டி," என்றான் அவன், தரையைப் பார்த்து. "அங்கருந்து ஊர் எல்ல வரைக்கும். மாமா விசிலடிச்சாரு. நான் இழுத்தேன்."

அவள் உடனே இறங்கவில்லை. பிடியை மடியில் வைத்துக்கொண்டு, கயிற்றை மறுபடி உருட்டிப் பார்த்தாள்.

"இது கமலக்கண்ணன் முறுக்குன முறுக்கு. தொட்ட ஒடனே தெரிஞ்சிச்சி. தூங்கறவன் எப்டி முறுக்குவான்னுதான் ஏறி ஒக்காந்தேன்." பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "தசரதா, நீ போயிட்டு வா. வண்டி எடைக்கு இல்ல."

தசரதன் கொக்கியை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு, "அடுத்த ரிப்பேருக்கு வரேம்மா," என்று கிளம்பினான். நான் கூட்டத்தின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினேன். ஒற்றைப் பட்டு இழையில், ஒன்றரை டன் வண்டியை, என்று ஆரம்பித்தேன்.

"ஒத்த எழ இல்ல," என்றாள் தெய்வநாயகி, உள்ளேயிருந்து. "ஆயிரம் எழ. மொழங்காலால கியர் போட்டதும் இல்ல." பிடியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். "மீதியெல்லாம் நடந்ததுதான்."